வானிலைத் துணைக்கோள்களும் நமது தொழில்களும்

வானம் பார்த்த தொழில் என்று உழவை மட்டுமே கூறுவது உலக வழக்கு. பாவு விரித்த தெருவை விடியற்காலையில் கண்டவர்கள் அவ்வழக்கை முழுவதும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கஞ்சி தோய்த்த பாவு ஆறுவதற்குள் ஒரு தூறல் விழுந்தாலும் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, ஒரு குடும்பத்தின் பல நாள் உழைப்பு வீணாகிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தறிக்குழியில் நீர் ஊறி வேலை நின்றுபோவதும், சாயம் தோய்த்த நூல் உலராமல் கிடப்பதும் நமது நெசவாள அங்கத்தினர்கள் ஆண்டுதோறும் காண்பவை. அறுத்த கதிர் களத்தில் நனைவதும், பறித்த நிலக்கடலை காயும் முன்பே முளைவிடுவதும் பயிரிடும் அங்கத்தினர்களின் அனுபவம். ஆகவே, "நாளை மழை வருமா?" என்னும் கேள்வி கூட்டுறவு சங்கத்தில் இரு சாராருக்கும் பொதுவானது.

இக்கேள்விக்கு விடை தேடுவோர் இக்காலத்தில் பெரிதும் நம்பியிருப்பது வானிலைத் துணைக்கோள்களையே. வானொலியில் வாசிக்கப்படும் அறிக்கையாயினும், கைப்பேசியில் வரும் செய்தியாயினும், அதற்கு அடிப்படையான விவரங்களில் மிகப் பெரும்பங்கு வானத்தில் சுற்றும் கருவிகள் அனுப்பியவை. ஆயினும், செயற்கைக்கோள் சொல்லிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவாரும், போன மாதம் சொன்னது பொய்த்ததே, இனி எதற்குக் கேட்பது என்று முற்றும் தள்ளுவாரும் நம்மிடையே உண்டு. இரண்டும் நட்டத்திற்கு வழி. துணைக்கோள் எதைக் காண்கின்றது, எதைக் காணமாட்டாது என்பதைத் தெரிந்துகொண்டால், அறிக்கையில் எப்பகுதியை நம்பிக் காரியம் செய்யலாம் என்பது தானே விளங்கும். அது கருதியே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

கப்பல் தந்த செய்தியும் வானம் தந்த படமும்

துணைக்கோள்கள் தோன்றுமுன்னர், வங்காள விரிகுடாவின் நடுவில் என்ன நிகழ்கின்றது என்பதை அறியக் கப்பல்களையே நம்ப வேண்டியிருந்தது. மாலுமிகள் தாம் கண்ட காற்றின் வேகத்தையும், பாரமானியின் அளவையும் கம்பியில்லாத் தந்தி மூலம் கரைக்கு அனுப்புவார்கள். இம்முறையில் விந்தையானதோர் இடர்ப்பாடு இருந்தது. புயல் எச்சரிக்கை கிடைத்ததும் கப்பல்கள் அத்திசையை விட்டு விலகிச் சென்றுவிடும். எச்சரிக்கை எவ்வளவுக்கெவ்வளவு சிறந்ததாக இருந்ததோ, அவ்வளவுக்கவ்வளவு புயலைப்பற்றிய செய்தி குறைந்துபோயிற்று! கரையோர நிலையங்களில் பாரமானி இறங்கத் தொடங்கும்போது புயல் ஏறத்தாழ வாசலுக்கே வந்திருக்கும். 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பாம்பனிலிருந்து சென்ற ரயில்வண்டி நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு அலையில் மறைந்தது. வண்டியைப் புறப்படாமல் நிறுத்துவதற்கு வேண்டியிருந்தது சில மணி நேர முன்னறிவே.

இதற்கு நாலரை ஆண்டுகளுக்கு முன்பே, 1960 ஏப்ரல் முதல் நாளன்று, அமெரிக்கர் டைரோஸ்-1 என்னும் கோளை ஏவியிருந்தனர். முரசின் வடிவும் ஏறத்தாழ 120 கிலோ எடையும் உடைய அக்கோளில் இரண்டு டெலிவிஷன் காமிராக்கள் இருந்தன. அது 78 நாட்களே வேலை செய்தது. அந்த 78 நாட்களில் அனுப்பிய படங்களோ ஏறத்தாழ 23,000. மேகங்கள் தாறுமாறாகச் சிதறிக்கிடப்பதாக எண்ணியிருந்தோர்க்கு, அவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குச் சுருள் சுருளாகவும் பட்டை பட்டையாகவும் ஒழுங்குபட்டு நிற்பது அப்படங்களில் தெரிந்தது. மறு ஆண்டில் டைரோஸ்-3 அட்லாண்டிக் சமுத்திரத்தில் 'எஸ்தர்' என்னும் சூறாவளியை எந்தக் கப்பலும் விமானமும் காணுமுன்னர் கண்டுபிடித்தது. அதன்பின் துணைக்கோளின் பயனைக் குறித்து ஐயுற்றவர்கள் வாய் அடைத்துப் போயினர் எனலாம்.

ஆனால் அக்கோள்கள் ஓரிடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு ஓடிவிடும். மீண்டும் அவ்விடத்திற்கு வரப் பல மணி நேரம் ஆகும். இக்குறையை நீக்கியவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி வெர்னர் சுவோமி. அவர் அமைத்த காமிரா 1966 டிசம்பரில் ஏடிஎஸ்-1 என்னும் கோளில் ஏற்றப்பட்டு, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிறுத்தப்பட்டது. அவ்வளவு உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலே சுற்றும் கோள், பூமி தன்னைத் தான் ஒருமுறை சுற்றிக்கொள்ளும் அதே நேரத்தில் தானும் ஒரு சுற்று முடித்துவிடும். ஆகையால் தரையிலிருந்து பார்ப்போர்க்கு அது அசையாமல் ஒரே இடத்தில் தொங்குவதுபோல் தோன்றும். ஒரே இடத்திலிருந்து இடைவிடாமல் படமெடுத்தால் மேகம் நகர்வதையே கண்ணால் காணலாம் அன்றோ? இன்று செய்தி நேரத்தில் நாம் காணும் நகரும் மேகப் படங்கள் அனைத்தும் சுவோமியின் யோசனையின் வழிவந்தவை.

நம் நாட்டிற்கு இந்த வசதி எளிதில் வாய்த்துவிடவில்லை. 1982 ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ அவ்வாண்டு செப்டம்பரிலேயே பயனற்றுப் போயிற்று. மறு ஆண்டு ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கரின் சாலஞ்சர் விண்வெளி ஓடத்தில் சென்ற இன்சாட்-1பி தான் நமது கடலை நமக்கென்று இடைவிடாது பார்த்த முதற்கண். 1992இல் இன்சாட்-2ஏ நம்மவராலேயே கட்டப்பட்டது. 2002 செப்டம்பர் 12ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வானிலைக்கென்றே தனியாக ஒரு கோள் சென்றது. விண்வெளி வீராங்கனை கல்பனா சாவ்லாவின் மறைவுக்குப்பின் அதற்குக் கல்பனா-1 எனப் பெயரிட்டனர். தொடர்ந்து 2013இல் இன்சாட்-3டியும், 2016இல் 3டிஆரும், 2024 பிப்ரவரி 17ஆம் நாள் 3டிஎஸ்ஸும் அனுப்பப்பட்டன. இறுதியாகச் சொன்ன கோளின் எடை 2,274 கிலோ. அதன் முழுச் செலவையும் மத்திய அரசின் புவி அறிவியல் அமைச்சகமே ஏற்றது.

கோள் காணும் விதம்

நிலைத்து நிற்கும் கோள்களோடு, பூமியின் இரு துருவங்களையும் தொட்டுச் செல்லும் கோள்களும் உண்டு. இவை எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 100 நிமிடமாக ஓடுபவை. நமது நெசவாளர்களுக்கு இதை விளக்குவது எளிது. நாடா இங்குமங்கும் ஓடிக்கொண்டிருக்க, நெய்த துணி சிறிது சிறிதாகச் சுருட்டப்படுகின்றது அல்லவா? கோள் வடக்கும் தெற்குமாக ஓட, பூமி கிழக்கு நோக்கித் திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு சுற்றிலும் புதியதொரு பட்டை கோளின் பார்வைக்கு வருகின்றது. ஒரு நாளில் உலகம் முழுவதும் அதன் கண்ணில் பட்டுவிடும். நிலைத்த கோள் தொலைவிலிருந்து எப்போதும் பார்க்கின்றது. ஓடும் கோள் அருகிலிருந்து எப்போதாவது பார்க்கின்றது. வானிலை அறிஞர்க்கு இரண்டும் வேண்டும்.

இனி, அக்கண்களின் இயல்பைச் சிறிது பார்ப்போம். இன்சாட்-3டிஎஸ் கோளின் படக்கருவி ஆறு வகையான ஒளியில் பார்க்கின்றது. அவற்றுள் ஒன்று நம் கண் காணும் ஒளியே. பகலில் மேகம் வெள்ளையாகவும் கடல் கருமையாகவும் அதில் விழும். இரவில் அது பயன்படாது. அதற்காகவே வெப்பக் கதிரை உணரும் கண்கள் வைக்கப்பட்டுள்ளன. மேலே செல்லச் செல்லக் காற்று குளிரும். ஒரு கிலோமீட்டர் உயரத்திற்குச் சுமார் ஆறரை டிகிரி என்பது பொதுக் கணக்கு. ஆதலின் ஒரு மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கின்றதோ அவ்வளவு உயரத்திற்கு அது வளர்ந்திருக்கின்றது என்று கொள்ளலாம். உச்சி பூச்சியத்திற்குக் கீழ் 70, 80 டிகிரி காட்டும் மேகம் இடியும் பெருமழையும் கொண்ட மேகம் என்பது பெரும்பாலும் தவறாது. மற்றொரு கண், மேகமாகத் திரளாத நீராவியையே காணவல்லது. கடலின் மேல் வறண்ட காற்று புகுவதை அது காட்டிவிடும். ஈரக் காற்றை உண்டு வளரும் புயலினுள் வறண்ட காற்று நுழைந்தால் புயல் நோஞ்சானாகிவிடுவது வழக்கம்.

படக்கருவியோடு, காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் பல உயரங்களில் தனித்தனியே அளக்கும் வேறொரு கருவியும் அக்கோளில் உள்ளது. முன்பெல்லாம் இவ்வேலையைப் பலூன்களே செய்துவந்தன. சென்னை மீனம்பாக்கத்திலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பலூன் விடலாம்; நடுக்கடலில் யார் விடுவது? அந்த வெற்றிடத்தைத் துணைக்கோள் நிரப்பியது. இதைப்போன்றே, 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, 2016இல் ஏவப்பட்ட ஸ்கேட்சாட்-1, 2022இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-3 ஆகியவை ராடார் அலைகளைக் கடலை நோக்கி அனுப்பின. காற்று அடிக்கும் கடல் சுருங்கி நெளியும். நெளிந்த நீரிலிருந்து திரும்பும் அலையைக் கொண்டு காற்று எத்திசையில் என்ன வேகத்தில் அடிக்கின்றது என்று கணக்கிடுவர். முன்பு கப்பல்கள் தந்த செய்தியை, கப்பலே செல்லாத இடத்திலிருந்தும் இவ்வாறு பெறுகின்றோம்.

புயலின் வலிமையைப் படத்திலிருந்தே மதிப்பிடும் முறை ஒன்றை அமெரிக்கரான வெர்னன் டிவோராக் 1970களில் வகுத்தார். சுருளின் வளைவு எவ்வளவு, மையத்தில் கண் திறந்துள்ளதா, சுற்றியுள்ள மேகம் எவ்வளவு குளிர்ந்துள்ளது என்பவற்றைப் பார்த்து ஓர் எண் இடுவார்கள். கைதேர்ந்த நெசவாளி துணியைத் தடவிப் பார்த்தே நூல் இன்ன நம்பர் என்று சொல்லுவதைப் போன்றது இது. நமது வானிலைத் துறையும் இம்முறையையே கையாள்கின்றது.

ஆனால் துணைக்கோள் காண்பது இந்த நேரத்து வானத்தை மட்டுமே என்பதை மறத்தல் கூடாது. நாளைய வானத்தைச் சொல்லுவது கணக்கு. காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இன்றைய நிலையைக் கணிப்பொறியில் இட்டு, இயற்கை விதிகளின்படி அவை மணிக்கு மணி எவ்வாறு மாறும் என்று கணக்கிடுகின்றார்கள். புனேயிலும் நொய்டாவிலும் இதற்கென அமைந்த மாபெரும் கணிப்பொறிகள் 2024 செப்டம்பரில் தொடங்கி வைக்கப்பட்டன. இக்கணக்குகளில் இடப்படும் விவரங்களில் பத்தில் ஒன்பது பங்கு துணைக்கோள்களிலிருந்து வருபவை. கோளின் பெருநன்மை மேகப் படத்தில் இருப்பதாக நம்மில் பலர் எண்ணுகின்றோம். என் கருத்தில், கண்ணுக்குத் தெரியாமல் கணக்கினுள் நுழையும் இந்த எண்களிலேயே அது அதிகம்.

கண்டது கரைக்கு வந்து சேர்ந்த கதை

1977 நவம்பர் 19ஆம் நாள் ஆந்திரத்தில் கிருஷ்ணா நதியின் கழிமுகத்தைத் தாக்கிய புயலில் ஏறத்தாழ பதினாயிரம் பேர் மாண்டனர். 1990 மே மாதத்தில் அதே ஆந்திரக் கரையை அதற்கு ஒத்த கடும்புயல் தாக்கியபோது உயிரிழந்தோர் ஆயிரத்திற்குச் சற்றுக் குறைவு. இடையில் வந்தது இன்சாட்-1பி. அதன் வழியாகப் படம் கிடைத்ததோடு, கரையோர ஊர்களில் வைத்த ஏற்பிகளுக்கு எச்சரிக்கையை நேரே அனுப்பும் ஏற்பாடும் செய்யப்பட்டிருந்தது.

இவ்வளவில் கதை முடிந்திருந்தால் துணைக்கோளுக்கே புகழ் முழுவதும் சேரும். 1999 அக்டோபர் 29ஆம் நாள் ஒரிஸ்ஸாவைத் தாக்கிய பெரும்புயல் அவ்வாறு முடியவிடவில்லை. அப்பொழுது வானத்தில் இன்சாட் இருந்தது, புயல் கடலில் திரண்டதையும் கரையை நோக்கி வந்ததையும் அது கண்டது, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. ஆயினும் இறந்தோர் தொகை பதினாயிரத்தை ஒட்டியது. மக்கள் ஒதுங்குவதற்குப் போதிய புகலிடங்கள் இல்லை. கிராமம் கிராமமாகச் சென்று எழுப்பி அழைத்து வருவதற்கு ஆளும் அமைப்பும் இல்லை. அதன்பின் அம்மாநிலத்தார் கரை நெடுகப் புகலிடங்கள் கட்டினர். ஊர்தோறும் தொண்டர்களைப் பழக்கினர். 2013 அக்டோபரில் 'பைலின்' புயல் வந்தபோது ஏறத்தாழ பத்து லட்சம் பேர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். இறந்தோர் சில பத்துப் பேரே. 1999இலும் 2013இலும் கோள் கண்டது. இடையில் மாறியது, கண்ட செய்தி கடைசிக் குடிசைவரை சென்று சேர்ந்த விதமும், சேர்ந்தபின் மக்களுக்குப் போக ஓர் இடம் இருந்ததும் ஆகும்.

நமது டெல்டா மாவட்டங்களுக்கு இதே பாடத்தின் மறுபக்கத்தை 2018 நவம்பரில் 'கஜா' காட்டியது. அது கரையேறும் இடம் முதலில் கடலூருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிற்கும் இடையில் எனக் கூறப்பட்டது. பின்னர் பாம்பனுக்கும் கடலூருக்கும் இடையில் என்று மாறியது. முடிவில் 16ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறியது. புயல் நெருங்க நெருங்க அறிவிப்பு திருந்திக்கொண்டே வந்ததைக் காண்க. முதல் நாள் அறிவிப்பைக் கேட்டுவிட்டு, நமக்கு இல்லை என்று வானொலியை அணைத்தவர்கள் ஏமாந்தார்கள். பெயர்க்கக்கூடிய மனிதர்கள் பல்லாயிரவர் முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். பெயர்க்கமுடியாத தென்னைகள் லட்சக்கணக்கில் வேரோடு சாய்ந்தன. முப்பது, நாற்பது ஆண்டு வளர்த்த மரத்திற்கு எந்தக் கோள் வந்து என்ன செய்யும் என்று ஓர் உழவர் கேட்டால், நேரான விடை கூற இயலாது. முதிர்ந்த ஓலைகளையும் காய்க்குலைகளையும் முன்கூட்டி இறக்கிவிட்டால் மரம் காற்றுக்குக் கொடுக்கும் முகம் குறையும் என்று வேளாண்மைத் துறையார் சொல்லுவது உண்மையே. எல்லா மரத்தையும் அது காக்கும் என்று சொல்லுதற்கில்லை.

காணாதவை

ஒருநாள் முன்னதாகச் சொல்லப்படும் புயற்பாதையில் நேரும் சராசரிப் பிழை இப்பொழுது நூறு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. இது பெரிய வெற்றி. ஆனால் நாகப்பட்டினத்திற்கும் தஞ்சாவூருக்கும் இடைப்பட்ட நேர்த்தூரம் அதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்தே நினைக்கவேண்டும்.

மழையின் அளவைச் சொல்லுவது அதனினும் கடினம். இன்சாட்-3டிஎஸ் கோளின் வெப்பப் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் நான்கு கிலோமீட்டர் நீளமும் நான்கு கிலோமீட்டர் அகலமும் உடைய பரப்பு. அதாவது ஏறத்தாழ 4,000 ஏக்கர். 2025 மே மாதத்தில் நமது வானிலைத் துறை நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய கணக்குமுறையில், கட்டம் ஒன்று 6 கிலோமீட்டர். அது ஏறத்தாழ 9,000 ஏக்கர். முன்னிருந்த 12 கிலோமீட்டர்க் கட்டத்தோடு ஒப்பிட்டால் இது மிக நுட்பமானதே. ஆயினும் ஆற்றுக்கு இக்கரையில் கொட்டி அக்கரையில் சொட்டாத மழையை இக்கட்டம் எங்ஙனம் பிரித்துக் காட்டும்? 2024 அக்டோபர் முதல் ஊராட்சி வாரியாக முன்னறிவிப்பு வழங்கப்படுகின்றது. வரவேற்கத்தக்க முயற்சி. அறிக்கையின் தலைப்பில் இருப்பது ஊராட்சியின் பெயர், உள்ளே இருப்பது கட்டத்தின் கணக்கு என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்கவேண்டும்.

மேலும், வெப்பக்கண் காண்பது மேகத்தின் உச்சியையே. அடியில் எவ்வளவு நீர் விழுகின்றது என்பதை ஊகித்தே சொல்லவேண்டும். மேகத்தினுள் ஊடுருவிக் காணும் நுண்ணலைக் கருவிகள் ஓடும் கோள்களில் உள்ளன. அவையோ எப்போதும் தலைக்கு மேல் நிற்பதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரவருணிக் கரை முழுவதும் வெள்ளக்காடாயிற்று. கனமழைக்கான எச்சரிக்கை இருந்தது. இவ்வளவு பெய்யும் என்று முன்னதாகக் கூற இயலவில்லை. இத்தகைய வேளைகளில் உதவுவது தரையில் நிற்கும் ராடார். சென்னையிலும் காரைக்காலிலும் உள்ள ராடார்கள் விழுகின்ற துளிகளையே காண்பவை. ஆதலின் அடுத்த மூன்று மணி நேரத்திற்கு என்று வரும் குறுஞ்செய்தி பெரிதும் ராடாரைச் சார்ந்தது என்றும், அடுத்த மூன்று நாளைக்கு என்று வருவது துணைக்கோளையும் கணக்கையும் சார்ந்தது என்றும் கொள்ளலாம்.

பொய்த்த அறிவிப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2016 டிசம்பர்த் தொடக்கத்தில் 'நடா' என்னும் புயல் கரையை அணுகுமுன்பே வலுக்குன்றிக் காரைக்காலுக்கு அருகில் வெறும் தாழ்வு மண்டலமாகக் கடந்து சென்றது. பள்ளிகளை மூடியதும் படகுகளை ஏற்றியதும் வீண் என்று பலர் நகைத்தனர். பத்து நாள் கழிவதற்குள் 'வர்தா' சென்னை நகரின் மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது.

அறிக்கையைப் படிக்கும் முறை

வானிலை அறிக்கையின் சொற்கள் சாதாரணமாகத் தோன்றினும், ஒவ்வொன்றுக்கும் வரையறுத்த பொருள் உண்டு. இதனை அறியாமையால் விளையும் மனத்தாங்கல் கொஞ்சமன்று. "ஓரிரு இடங்களில்" மழை பெய்யக்கூடும் என்றால், அப்பகுதியிலுள்ள மழைமானி நிலையங்களில் நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேற்படாத இடங்களில் பெய்யும் என்பது பொருள். அதாவது முக்கால் பங்கு ஊர்கள் நனையமாட்டா. நம் ஊரில் பெய்யவில்லை என்பதால் அறிக்கை பொய்த்ததாகாது. "கனமழை" என்றால் ஒரு நாளில் ஏறத்தாழ 7 முதல் 11 சென்டிமீட்டர். "மிகக் கனமழை" 12 முதல் 20. "அதி கனமழை" 21 அல்லது அதற்கும் மேல். மஞ்சள் நிறம் கவனித்திருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே செயற்படவும் சொல்லுகின்றன. வயலில் வடிகாலைத் திறப்பதற்கும், வாழைக்கு முட்டுக் கொடுப்பதற்கும், நூல் சிப்பங்களைத் தரையிலிருந்து பலகைமேல் ஏற்றுவதற்கும் உரிய நேரம் ஆரஞ்சு நிறமே. சிவப்பு வந்தபின் வேலைக்கு ஆள் கிடைப்பது அரிது.

நெசவாளர்க்கு வேண்டியது பெரும்பாலும் அன்றைய காலையின் செய்தி. பாவு விரித்துச் சுருட்டும்வரை வானம் தாங்குமா என்பதே அவர் கேள்வி. இதற்கு மூன்று மணி நேர அறிவிப்பு போதும். அதைச் சங்க அலுவலகத்துக் கரும்பலகையில் விடியுமுன் எழுதிவைக்க ஒருவரை ஏற்படுத்தினால் செலவு ஒன்றுமில்லை. ஒருநாள் வீணாக விரிக்காமல் இருந்துவிட்டால் ஒருநாள் கூலி போகும். விரித்தபின் நனைந்துவிட்டால் பாவே போகும். எனவே ஐயமான காலையில் எப்பக்கம் சாய்வது என்பது ஒவ்வொருவரும் தம் கையிருப்பைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டியது.

பயிரிடுவோர்க்கு மூன்று முதல் ஐந்து நாள் அறிவிப்பு மிகுந்த உபயோகமானது. மருந்து தெளிப்பதும், மேலுரம் இடுவதும், அறுவடைக்கு ஆள் சொல்லுவதும் அந்தக் கால அளவிற்குள் அடங்கும். கோயமுத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் காலநிலை ஆராய்ச்சி மையம் முதலிய நிலையங்கள் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் பயிருக்கேற்ற ஆலோசனைகளை வெளியிடுகின்றன. பருவம் முழுவதற்கும் சேர்த்துச் சொல்லப்படும் அறிவிப்பு வேறு வகை. வடகிழக்குப் பருவமழை இவ்வாண்டு இயல்பையொட்டி இருக்கும் என்றால், அது பெரும்பரப்பின் மூன்று மாதத்துச் சராசரி. ஒரே வாரத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு இரண்டு மாதம் காய்ந்தாலும் சராசரி சரியாகவே இருக்கும். அதை நம்பி விதைப்பு நாளைக் குறிக்கலாகாது.

வானிலைக் கோளின் உறவினர் என்று சொல்லத்தக்க ராடார்க் கோள்கள் வேறொரு வகையில் நமக்குப் பயன்பட்டுள்ளன. மேகத்தைத் துளைத்து நிலத்தைக் காணும் இவற்றின் படங்களைக் கொண்டு, 2016-17ஆம் ஆண்டு வறட்சியின்போது நெல் நடவு நடைபெறாத கிராமங்களை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் கண்டறிந்து கூறினர். பயிர்க் காப்பீட்டுத் தொகையை முடிவு செய்ய அது துணையாயிற்று. ஆயினும் அறுத்துப் பரப்பிய கதிர் மழையில் கெட்டால், 72 மணி நேரத்திற்குள் அங்கத்தினர் தாமே தெரிவித்தாகவேண்டும். அந்த நட்டத்தை மேலிருந்து கண்டு எழுதிக்கொள்ளும் கோள் ஏதுமில்லை.

இன்சாட் கோள்களுக்குப் பார்ப்பதோடு மற்றொரு வேலையும் உண்டு. ஆளில்லாத இடங்களில் நிறுவிய தானியங்கி மழைமானிகள் தம் அளவுகளை வானத்திற்கு அனுப்ப, கோள் அவற்றை வாங்கித் தரை நிலையத்திற்கு அஞ்சற்காரனைப்போல் சேர்ப்பிக்கின்றது. மேகத்தின் உச்சியைப் பார்த்து ஊகித்த மழை சரிதானா என்பதை இந்த மழைமானிகளோடு ஒத்துப் பார்த்தே அறிஞர்கள் தம் கணக்கைத் திருத்துகின்றனர். மழைமானி நெருக்கமாக உள்ள வட்டாரத்தில் ஊகம் திருந்தும். இல்லாத வட்டாரத்தில் பழைய பிழையே நீடிக்கும். சங்கத்து முற்றத்தில் சாதாரண மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து குறித்துவைப்பது சிறு காரியமே. மரமோ சுவரோ மறைக்காத வெளியிடமாக இருத்தல் வேண்டும். காலை 8.30 என்பது வானிலைத் துறையின் மழைநாள் தொடங்கும் நேரம். அதே நேரத்தில் அளந்தால்தான் நமது குறிப்பை அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டு, மூன்று பருவங்களின் குறிப்பு சேர்ந்தபின், "ஓரிரு இடங்களில்" என்று அறிவித்த நாட்களில் நம் ஊர் எத்தனை முறை நனைந்தது என்பது அந்த ஏட்டிலேயே தெரியும்.